கரட்டில் மருந்து, புகையிலையில் மருந்து: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகள், கரட்டில் மனித மருந்து செய்கிறார்கள் என்கிறாள். உண்மையா? அப்படியென்றால் கரட்டைச் சாப்பிட்டால் போதாதா, ஊசி எதற்கு? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: மகள் சொல்வது சரி. ஆனால் நீங்கள் சந்தையில் நிறுத்து வாங்குகிற நுவரெலியாக் கரட் இல்லை அது. கோஷே என்று ஓர் அரிய பரம்பரை நோய். ஒரு வகைக் கொழுப்பை உடைக்கிற நொதியம் போதாமல் அந்தக் கொழுப்பு மண்ணீரலிலும் ஈரலிலும் எலும்பு மச்சையிலும் சேர்ந்து, வயிறு வீங்கி, எலும்பு நோகும். அந்த நொதியத்தை வெளியில் இருந்து ஏற்ற வேண்டும். 1991இல் வந்த முதல் மருந்தைப் பிரசவத்தில் கழிக்கிற நஞ்சுக்கொடிகளில் இருந்து எடுத்தார்கள், ஒரு நோயாளிக்கே ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டது. 1994இல் ஹாம்ஸ்டர் என்கிற எலி மாதிரிப் பிராணியின் கலங்களில் செய்த மருந்து வந்தது. 2012 மே மாதம், இஸ்ரேலின் புரொட்டாலிக்ஸ் கம்பனி கரட் கலங்களில் செய்த எலெலைசோ என்ற மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

தோட்டம் எதுவும் கிடையாது. மனித மரபணு புகுத்திய கரட் கலங்களைப் பெரிய பிளாஸ்டிக் பைகளில், சத்துத் திரவத்தில், காற்றுக் குமிழி விட்டு வளர்க்கிறார்கள். இலையும் இல்லை கிழங்கும் இல்லை, பார்வைக்குக் கலங்கல் கஞ்சி. இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. இந்த நொதியம் போய்ச் சேர வேண்டியது பெருவிழுங்கிகள் என்ற வெண்குருதிக் கல வகைக்கு. நொதியத்தில் ஒட்டியிருக்கிற சீனிச் சங்கிலியில் மனோஸ் என்ற சீனி வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால்தான் அவை அதைப் பிடித்து உள்ளே இழுக்கும். ஹாம்ஸ்டர் கலத்தில் செய்ததற்கு அந்தச் சீனிச் சங்கிலியைப் பிறகு வெட்டிச் சீர்செய்ய வேண்டும், கரட் கலமோ மனோஸ் நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரியே செய்து தந்துவிடுகிறது.

சாப்பிட்டால் என்ன என்று கேட்டீர்கள். நொதியமும் புரதம்தானே, பருப்புக் கறியைச் செரிக்கிற வயிறு அதையும் செரித்துவிடும். அதனால் சுத்திகரித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாளத்தில் ஏற்றுகிறார்கள்.

கேள்வி: அப்பு யாழ்ப்பாணத்தில் புகையிலை செய்தவர். அதிலும் மருந்து எடுக்கிறார்களாமே, ஊர்க் காணியில் நாங்களும் நடலாமா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: அப்புவின் சுருட்டுப் புகையிலை இல்லை, அதன் ஒன்றுவிட்ட சகோதரம், பெந்தாமியானா என்ற அவுஸ்திரேலியச் செடி. வைரஸை எதிர்க்கிற சக்தி அதற்குக் குறைவு, வெளியில் இருந்து வருகிற மரபணுவையும் அவ்வளவாக எதிர்க்காது, அந்தப் பலவீனம்தான் இவர்களுக்கு வசதி. வளர்ந்த செடியைத் தலைகீழாக ஒரு பற்றீரியாக் கரைசலில் அமிழ்த்தி, காற்றை உறிஞ்சி, திரும்பக் காற்றை விட்டால் இலையின் இடுக்கெல்லாம் கரைசல் ஏறிவிடும். அந்தப் பற்றீரியா, மருந்துப் புரதத்துக்கான மரபணுவை இலைக் கலங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க, ஒரு வாரமளவில் இலையைப் பறித்து அரைக்கலாம். 2014 எபோலா நேரம் கொடுத்த சீமாப் மருந்து இப்படி வந்ததுதான், கையிருப்பு உடனேயே முடிந்துபோனது. கனடாவில் 2022 பெப்ரவரியில் கொவிபென்ஸ் என்ற கொவிட் தடுப்பூசிக்கும் அனுமதி கிடைத்தது. செய்த கம்பனியில் சிகரெட் கம்பனி ஒன்றுக்குப் பங்கு இருந்ததால் உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்கவில்லை, அடுத்த வருடம் கம்பனியையே மூடிவிட்டார்கள்.

காணியில் நடுகிற யோசனையை விடுங்கள். இது மூடிய கூடாரத்தில் செய்கிற வேலை. 2002இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், முதல் போகத்தில் போட்ட மருந்துச் சோளம் சில செடிகள் அடுத்த போகச் சோயாவுக்குள் முளைத்துவிட்டன. ஐந்து லட்சம் புசல் சோயாவை அழிக்க வேண்டி வந்தது.

கேள்வி: செடியில் செய்த மனிதப் புரதம் சைவமா? (பம்பலப்பிட்டி வாசகி)

பதில்: ஹாம்ஸ்டர் கலத்தில் செய்ததை விட நிச்சயம் சைவம். திருநீறு பூசிக்கொண்டே ஏற்றலாம்.

கேள்வி: 2022 மின்வெட்டில் அம்மாவின் இன்சுலினை மண்பானைத் தண்ணீரில் வைத்துக் காப்பாற்றினோம். தாவரத்தில் செய்தால் விலையும் குறைந்து இந்தப் பாடும் தீராதா? (தெஹிவளை வாசகர்)

பதில்: விலையைப் பற்றி எனக்கு நம்பிக்கை குறைவு. இன்சுலின் சின்னப் புரதம், சீனிச் சங்கிலி எதுவும் அதற்கு வேண்டாம், 1982 முதல் பற்றீரியாவே அதைச் செய்து தருகிறது. கரட் கலத்தின் கெட்டித்தனத்துக்கு இங்கே வேலையே இல்லை. அப்புறம், செடி வளர்க்கிறது மலிவுதான், ஆனால் அரைத்த இலைச்சாற்றில் இருந்து அந்த ஒரு புரதத்தை மட்டும் ஊசியில் ஏற்றுகிற அளவுக்குச் சுத்தமாகப் பிரிக்கிறது மலிவில்லை. கனடாவில் குசும்பாச் செடியில் இன்சுலின் செய்யப் புறப்பட்ட கம்பனியும் கடைசியில் மூடப்பட்டது.

மண்பானைக்குத்தான் ஒரு பதில் தெரிகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற ஹென்றி டேனியல், இப்போது அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில், சலாது இலையின் பச்சையவுருமணிக்குள் இன்சுலினை வளர்க்கிறார். இலையை உறையவைத்து உலர்த்தித் தூளாக்குவதால் குளிர்ப்பெட்டி வேண்டாம், பிரித்தெடுக்கிற செலவும் இல்லை. கலச்சுவர் அப்படியே இருப்பதால் வயிற்று அமிலம் உள்ளே போகாது, குடலில் உள்ள கிருமிகள்தான் சுவரை உடைத்து இன்சுலினை வெளியே விடும். முதலாவது கேள்வியில் வெள்ளவத்தை வாசகிக்கு முடியாது என்றேனே, அதற்கு இவர் கண்ட வழி இது. வாயால் கொடுத்து எலிகளில் சீனி இறங்கியிருக்கிறது. அம்மாவுக்கு இப்போதைக்கு ஊசிதான், பானையையும் உடைத்துவிடாதீர்கள்.