மோசே ஏன் இறங்க வேண்டும்?

அன்புள்ள ஐயா,

பைபிளில் யாத்திராகமம் 32ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். மோசே 40 நாள் மலைமேல் இருக்கிறார். கீழே ஜனங்கள் பொன் கன்றுக்குட்டி செய்து கும்பிடுகிறார்கள். கடவுள் மோசேயிடம் "இறங்கிப்போ" என்கிறார். 'உன் மேன்மையிலிருந்து இறங்கு' என்று யூத ரபிகள் (மதகுருக்கள்) இதற்குப் பொருள் சொல்வதாக நண்பர் ஒருவர் சொன்னார். தப்பு செய்தது ஜனங்கள். ஊர் கெட்டால் ஒருவருடைய தவம் கரைந்துபோகுமா?

ர.

அன்புள்ள ர.,

நண்பர் சொன்னது சரிதான். பழைய ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதின் பெராகோத் பகுதியில் ரபி எலயாசர் சொல்வது அது. காரணத்தையும் கடவுளின் வாயிலேயே வைக்கிறார்: இஸ்ரவேலுக்காகத்தானே உனக்குப் பெருமை தந்தேன், அவர்களே பாவம் செய்துவிட்டார்கள், இனி நீ எனக்கு எதற்கு? கேட்டதும் மோசேக்குப் பேசவே தெம்பில்லாமல் போயிற்றாம்.

நீங்கள் தவம் என்கிறீர்கள். சிக்கல் அந்தச் சொல்லில் இருக்கிறது. தவம் ஒருவர் சம்பாதித்த சொத்து. மோசேக்குக் கிடைத்ததை ரபிகள் அப்படிப் பார்க்கவில்லை. ஜனங்களுக்குச் சேரவேண்டியது அவர் கைவழியாகப் போகிறது, அவ்வளவே.

இதைவிடக் கடுமையான இடம் ஒன்று உண்டு. கடவுள் தருவதாகச் சொன்ன கானான் நாட்டை வேவு பார்க்கப் போன 12 பேரில் 10 பேர், அங்கே போக முடியாது என்று ஜனங்களைக் கலங்கடித்தார்கள். அதற்குத் தண்டனையாக அந்தத் தலைமுறை பாலைவனத்திலேயே செத்து முடிய 38 வருடம் ஆயிற்று. பைபிளின் உபாகமம் 2ஆம் அதிகாரத்துக்கு உரை எழுதும் ராஷி (11ஆம் நூற்றாண்டு, பிரான்சின் த்ருவா நகரத்துக்காரர்), அந்த 38 வருடமும் கடவுள் மோசேயோடு பிரியமாக, முகமுகமாகப் பேசவில்லை என்கிறார். ஆதாரம்? அந்தப் பகுதியில் அதுவரை 'சொன்னார்' என்றே வருகிறது. அவர்கள் செத்து முடிந்த பிறகுதான் 'பேசினார்' வருகிறது. ஒரு வினைச்சொல்லிலிருந்து 38 வருட மனஸ்தாபத்தைத் தோண்டி எடுக்கும் இந்த வாசிப்புக்காகவே ராஷியிடம் திரும்பத் திரும்பப் போகிறேன். மோசே அந்த வேவுகாரர்களோடு சேரவும் இல்லை, பாருங்கள்.

ஆனால் மோசே இப்படி ஜனங்களோடு ஒன்றுபட்டிருக்கிறார் என்றதும், அது நல்லவர்கள் கூடிய சபை என்று நினைத்துவிட வேண்டாம். கூட்டுப் பிரார்த்தனைக்கு 10 பேர் வேண்டும், மினியான் என்பார்கள். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? இதே 10 வேவுகாரர்களை 'இந்தப் பொல்லாத சபையார்' என்று பைபிளின் எண்ணாகமம் சொல்வதிலிருந்து! அப்புறம், பழைய எருசலேம் ஆலயத்துத் தூபத்தின் 11 பொருள்களில் அல்பான் பிசின் நாற்றமடிப்பது. அதையும் சேர்த்தே ஆகவேண்டியிருந்தது. பாவிகளை விட்டுவிட்டு இருக்கும் உபவாசம் உபவாசமே அல்ல என்பதற்குத் தல்மூத் காட்டும் உதாரணம் இந்தப் பிசின்தான்.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. தலைவர் தன் சறுக்கலையும் ஜனங்கள் தலையில் கட்டிவிடலாம். உங்களால்தான் கடவுள் என்மேலும் கோபப்பட்டார் என்று உபாகமத்தின் முதல் அதிகாரத்தில் மோசேயே சொல்கிறார். எண்ணாகமமோ அந்தக் கோபத்துக்குக் காரணமாக, கடவுள் சொன்னபடி செய்யாமல் அவர் கன்மலையை அடித்த கதையைச் சொல்கிறது.

சரி, உங்கள் கேள்வி. அநியாயம் என்றே வைத்துக்கொண்டாலும் மோசே அதைச் சொல்லி வாதாடவில்லை. இவர்களை அழித்துவிட்டு உன்னைப் பெரிய இனமாக்குகிறேன் என்று கடவுளே சொல்லிப் பார்க்கிறார். இவர் மசியவில்லை. கீழே போய்க் கன்றுக்குட்டியைப் பொடியாக்கிவிட்டு மறுபடி மலையேறுகிறார். அவர்களை மன்னியும், இல்லாவிட்டால் உம் புத்தகத்திலிருந்து என் பேரைக் கிறுக்கிப்போடும் என்கிறார்.