ஒரு நாட்டில் உயிர் காத்த வழி இன்னொரு நாட்டில் எடுபடுமா? சாலைப் பாதுகாப்புக் கேள்வி பதில்

சாலை வடிவமைப்பிலும் விபத்துத் தரவிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்பவன் நான். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் அதிகம் பேர் கேட்டவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, ஸ்வீடனில் செய்ததை அப்படியே மற்ற நாடுகளிலும் செய்துவிட்டால் போதாதா?

செய்ததை எடுக்காதீர்கள், அது ஏன் பலித்தது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறுக்கு உயிர் விலையாகக் கூடாது என்ற கொள்கையை ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-ல் ஏற்றது. அங்கே பரவிய 2+1 சாலை அந்த எண்ணத்துக்கு நல்ல உதாரணம். மொத்தம் மூன்று தடம். முந்திச் செல்லும் தடம் மாறி மாறி இரு திசைக்கும் கிடைக்கும். எதிரெதிர் வண்டிகளுக்கு நடுவே எஃகு வடத் தடுப்பு. நேருக்கு நேர் மோதுவதற்குக் கிட்டத்தட்ட வழியே இல்லாமல் போனது.

அதே தடுப்பை வீடும் கடையும் நெருங்கிய சாலையில் போட்டால், எதிர்ப்பக்கம் போக வேண்டியவர்கள் அதைத் தாண்டிக் குதிப்பார்கள். அங்கே தேவை தடுப்பல்ல, வேகக் குறைப்பு.

கேள்வி: ஒரு சந்திப்பில் வேகத்தைக் கண்காணிக்கும் கேமரா வைத்த மறுவருடமே விபத்து பாதியாகிவிட்டது என்கிறார்கள். நம்பலாமா?

அந்தச் சந்திப்பை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று முதலில் கேளுங்கள். முந்தைய வருடம் அங்கே விபத்து மிக அதிகம் என்பதால்தானே? விபத்து எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும்போது எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த வருடம் பெரும்பாலும் இறங்கிவிடும். இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். தானாக வந்த இறக்கத்தைத் தன் வெற்றியாக எழுதிக்கொண்ட திட்டங்கள் எத்தனையோ. அவற்றை நம்பி இன்னொரு நாடு பணத்தைக் கொட்டும்போது எனக்கு மனசு பதறும்.

முன்னும் பின்னும் குறைந்தது மூன்று வருடத் தரவைப் பாருங்கள். அதேபோன்ற, கேமரா இல்லாத சந்திப்புகளோடு ஒப்பிடுங்கள். அவ்வளவு காத்திருக்க முடியாதென்றால் வண்டிகளின் வேகத்தை அளந்துவிடுங்கள். கேமராவைத் தாண்டியதும் வேகம் மறுபடி ஏறுகிறதா? அப்படியானால் இரண்டு இடங்களுக்கு இடையே எடுத்த நேரத்தை வைத்துச் சராசரி வேகம் பார்க்கும் கேமராக்கள்தான் பொருந்தும். பிரிட்டனிலும் இத்தாலியிலும் அவை பல வருடங்களாக இருக்கின்றன.

கேள்வி: நாடுகளின் மரண எண்ணிக்கையை நேரடியாக ஒப்பிடலாமா?

விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தவர்கள் எல்லாரும் கணக்கில் உண்டா என்று பார்த்த பிறகு ஒப்பிடுங்கள். சம்பவ இடத்தில் இறந்தவர்களை மட்டும் எண்ணும் போலீஸ் பதிவு எப்போதும் அழகாகத்தான் தெரியும்.

கேள்வி: பணம் குறைவாக உள்ள நாடு முதலில் எதில் கைவைக்க வேண்டும்?

வேகத்தில். சராசரி வேகம் 1% கூடினால் மரண விபத்து சுமார் 4% கூடும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. என் வகுப்புகளில் இன்னொன்றும் சொல்வேன். ஒரு குழந்தை திடீரென்று குறுக்கே ஓடிவருகிறது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50-ல் வருபவர் அதே 13 மீட்டரைக் கடக்கும்போது பிரேக்கில் கால் வைத்திருக்கவே மாட்டார். சுதாரிக்கும் ஒரு விநாடியிலேயே அந்தத் தூரம் போய்விடும்.

கேள்வி: சட்டம் போட்டால் மக்கள் கேட்பார்களா?

வியட்நாமைப் பாருங்கள். 2007 டிசம்பர் 15-ல் எல்லாச் சாலைகளிலும் ஹெல்மெட் கட்டாயமானது. ஒரே வாரத்தில் தெருவே மாறிப்போனது. தேதியை முன்கூட்டியே அறிவித்தார்கள், அன்று முதல் விடாமல் அபராதம் போட்டார்கள். ஆனால் குழந்தைகள் விஷயத்தில் சட்டத்தில் ஓட்டை இருந்தது. தரமற்ற ஹெல்மெட்டும் சந்தையில் பெருகியது. அந்த அனுபவத்தைப் பகிரும்போது இந்த இரண்டையும் விட்டுவிட்டுச் சொல்வது நியாயமல்ல.

கேள்வி: தோற்றுப்போன திட்டங்களையும் பகிர வேண்டுமா?

கட்டாயம். நார்வேயில் 1979-ல் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்குச் சாலைப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். இளம் ஆண்களிடம் வழுக்கு விபத்து கூடிவிட்டது! கையில் வித்தை இருக்கிறது என்ற நினைப்பில் வேகமாக ஓட்டினார்கள். இதை வெளியே சொன்னதால்தான் மற்ற நாடுகள், சமாளிக்கும் வித்தையை விட ஆபத்தை முன்கூட்டியே உணரக் கற்றுத்தருவதே மேல் என்று புரிந்துகொண்டன.

கேள்வி: வேகத்தடை ஆம்புலன்ஸைத் தாமதப்படுத்தாதா?

தாமதப்படுத்தும். அதனால் சில நாடுகளில் வேகத்தடையை முழு அகலத்துக்கும் போடாமல் தனித்தனி மேடாகப் போடுகிறார்கள். அகலமான ஆம்புலன்ஸின் சக்கரங்கள் மேட்டின் இரு பக்கமும் இறங்கிப் போய்விடும். கார் ஏறித்தான் ஆக வேண்டும். ஆனால் பைக்குகள் அதிகம் ஓடும் நாட்டில் அந்த இடைவெளியில் பைக்குகள் வேகம் குறையாமல் பாய்ந்துவிடும். அங்கே சாய்வு மென்மையான, முழு அகல மேடைதான் போட வேண்டும். அதன் மேலேயே நடப்பவர்களுக்கான கடவையையும் வரைந்துவிடுங்கள்.