ஒரு பாய்லர், இரண்டு எஞ்சின்: மாடல் ரயில் கேள்வி–பதில்

கேள்வி: எச்ஓ அளவிலான (அசலில் 87-இல் ஒரு பங்கு) 'பிக் பாய்' நீராவி எஞ்சின் மாடல் ஒன்றை ஒலி வசதியுடன் வாங்கினேன். நேர்ப்பாதையில் நன்றாக ஓடுகிறது. பாதை பிரியும் இடமான பாயிண்டைக் கடக்கும்போது மட்டும் நின்று, ஒலி அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. உள்ளே உள்ள மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையான டிகோடர் பழுதாகிவிட்டதா?
— வாசகர், டொராண்டோ

பதில்: டிகோடரைச் சந்தேகிப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் எஞ்சின் நிற்கும் அந்த நொடியில் பாதையில் உள்ள மற்ற எஞ்சின்களும் நிற்கின்றனவா, இது மட்டும்தான் நிற்கிறதா? எல்லாம் சேர்ந்து நின்றால் அது ஷார்ட் சர்க்யூட். இது மட்டும் நின்றால் சக்கரத்துக்கு மின்சாரம் வந்து சேரவில்லை என்று பொருள். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு என்பதால் இதைத் தெரிந்துகொள்ளாமல் திருகாணியைத் தொட வேண்டாம்.

ஷார்ட் என்றால் பெரும்பாலும் குற்றவாளி சக்கரம்தான். பாயிண்டில் எதிரெதிர் மின்முனையுள்ள இரண்டு தண்டவாளங்கள் ஒன்றையொன்று நெருங்கும் இடத்தில் அகலமான சக்கரம் இரண்டையும் ஒருசேரத் தொட்டுவிடும். அல்லது ஓர் அச்சின் இரு சக்கரங்களும் இருக்க வேண்டியதைவிட நெருக்கமாக அமைந்திருந்தால், திறந்து நிற்கும் நாக்குத் தண்டவாளத்தைச் சக்கரத்தின் முதுகு உரசும். என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) அளவுத் தகட்டை ஒவ்வோர் அச்சிலும் வைத்துப் பாருங்கள். ஒரே பாய்லரின் கீழ் முன், பின் என இரண்டு தொகுதிகளாகப் பதினாறு ஓட்டுசக்கரங்கள் உள்ள எஞ்சினில் ஒரேயோர் அச்சு பிசகியிருந்தாலும் போதும். அறையின் விளக்கை அணைத்துவிட்டு மெதுவாக ஓட்டினால், பொறி தெறிக்கும் இடமே எந்தச் சக்கரம் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மின்தொடர்பு அறுவது என்றால், எஞ்சினைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். இழுவைக்காகச் சில சக்கரங்களில் ரப்பர் வளையம் மாட்டியிருப்பார்கள். அந்தச் சக்கரம் மின்சாரம் எடுக்காது. நீளமான சக்கரத் தொகுதியில் நடு அச்சுகள் மயிரிழை மேலே நிற்பதும் உண்டு. ஆகவே, பார்வைக்கு எத்தனை சக்கரம் இருந்தாலும் உண்மையில் வேலை செய்பவை சிலவே. பாயிண்டின் பிளாஸ்டிக் பகுதியில் அவையும் ஏறிவிட்டால் எஞ்சின் பட்டினிதான். சக்கரத்தின் முதுகைத் தொட்டுநிற்கும் மெல்லிய பித்தளைத் தகடுகள் வளைந்தோ எண்ணெய்ப் பிசுக்கு ஏறியோ உள்ளனவா என்று பாருங்கள். டெண்டருக்கு (எஞ்சினுக்குப் பின்னால் வரும் எரிபொருள், தண்ணீர் வண்டி) போகும் சிறு பிளக்கை ஒருமுறை கழற்றி அழுத்தமாக மாட்டுங்கள். 'பிக் பாய்' டெண்டருக்கு ஏழு அச்சுகள் உண்டு, மாடலில் அவை மின்சாரம் எடுப்பவையாக இருந்தால் அந்த உதவியை வீணாக்கக்கூடாது. பிறகு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டைத் தண்டவாளத்தின் மேல் விரித்து, முன் தொகுதியை அதன்மீது நிறுத்தி, எஞ்சினைக் கையால் பிடித்துக்கொண்டு, பின் தொகுதி மின்சாரம் எடுக்கும்படி ஓட்டினால் முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று, காகிதத்தில் கறுப்புக் கோடுகளை விட்டுவிட்டுச் சுத்தமாகும். அடுத்து மறுபக்கம்.

இத்தனைக்கும் பிறகுதான், மின்சாரம் நொடிநேரம் அறுந்தாலும் டிகோடரை ஓட வைக்கும் 'கீப் அலைவ்' மின்தேக்கியைப் பற்றி யோசிக்க வேண்டும். அழுக்கை மறைக்க அதைப் பூட்டுகிறவர்கள் அநேகர். ஷார்ட்டுக்கு அது எவ்வகையிலும் மருந்தாகாது.

கேள்வி: இரட்டை எஞ்சின் என்பதால் 'குப் குப்' ஒலி இரட்டையாக வர வேண்டும் என்கிறார்கள். என்னுடைய 'பிக் பாய்' சில நேரம் சேர்ந்தும் சில நேரம் பிரிந்தும் ஒலிக்கிறது. 'ஒய்6பி' மாடலோ ஒற்றையாகவே ஒலிக்கிறது. எது சரி?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டுமே சரி. காரணத்தை அறிய அசல் எஞ்சின்களிடம் போக வேண்டும்.

யூனியன் பசிபிக் நிறுவனத்துக்காக ஆல்கோ ஆலை 1941-இல் 20, 1944-இல் 5 என 25 'பிக் பாய்' எஞ்சின்களைக் கட்டியது. இதன் நான்கு சிலிண்டர்களுக்கும் பாய்லரிலிருந்து நேரடியாகவே நீராவி செல்கிறது. நான்கும் கழிவு நீராவியைப் புகைபோக்கிக்கே அனுப்புகின்றன. ஒவ்வொரு தொகுதியும் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நான்கு 'குப்' தரும். முன் தொகுதிக்கும் பின் தொகுதிக்கும் இடையே பல்சக்கர இணைப்பு எதுவும் கிடையாது. ஒன்றின் சக்கரம் சற்றே தேய்ந்திருந்தாலோ ஒன்று இலேசாக வழுக்கினாலோ இரண்டின் தாளமும் மெல்ல விலகி, எட்டாகப் பிரிந்து, மறுபடி நான்காகச் சேரும். 2019-இல் மீண்டும் ஓடத் தொடங்கிய 4014-ஆம் எண் எஞ்சின் மெதுவாகப் புறப்படும் ஒளிப்பதிவுகளில் இதைத் தெளிவாகக் கேட்கலாம்.

'ஒய்6பி' வேறு குலம். நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் நிறுவனம் வர்ஜீனியாவின் ரோனோக் பணிமனையில் தானே கட்டிய இந்த எஞ்சின், அனத்தோல் மாலே வகுத்த கூட்டு முறையைச் சேர்ந்தது. 25 அங்குல விட்டமுள்ள பின் சிலிண்டர்களில் முதலில் உழைத்த நீராவி, 39 அங்குல விட்டமுள்ள முன் சிலிண்டர்களில் மறுபடி உழைத்த பிறகே வெளியேறுகிறது. புகைபோக்கியை அடைவது முன் தொகுதியின் கழிவு மட்டுமே என்பதால் சுற்றுக்கு நான்கு 'குப்'தான். எட்டு ஒலிக்கும் 'ஒய்6பி' காதுக்கு விருந்தாக இருக்கலாம். கூட்டு முறையில் ஓடும் எஞ்சினுக்கு அது பொருந்தாது.

மாடலில் பெரும்பாலும் ஒரே மோட்டார் நடுவில் இருந்து, தண்டுகள் வழியாக இரு தொகுதிகளையும் ஓட்டுகிறது. சக்கரங்கள் விலகிப்போக வழியே இல்லை. விலகுவது டிகோடரில் உள்ள இரண்டு ஒலிகள் மட்டுமே. ஆகவே ஒலியும் சக்கரமும் எப்போதும் பொருந்த வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஒரு சக்கரத்தின் விளிம்பில் வெள்ளைப் புள்ளி வைத்து, மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டி, சுற்றுக்கு நான்கு வருகிறதா என்று எண்ணினால் போதும். 'லோக்சவுண்ட்' டிகோடர்களில் சிவி 57-இன் (சிவி என்பது டிகோடரில் மாற்றக்கூடிய எண்ணிட்ட அமைப்பு) மதிப்பைக் கூட்டினால் 'குப்'களுக்கு இடைவெளி கூடும். வேகத்தில் எண்ண முயல வேண்டாம்: 68 அங்குலச் சக்கரம் மணிக்கு 30 மைலில் நொடிக்கு ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுற்றும், ஒரு தொகுதிக்கு மட்டுமே நொடிக்குப் பத்து 'குப்' என்றாகிவிடும்.

கேள்வி: ஷார்ட் ஏற்பட்டு மின்சாரம் திரும்பியதும் எஞ்சின் தானாகவே முழு வேகத்தில் பாய்கிறது. ஒருமுறை மேசையிலிருந்து விழப் பார்த்தது.
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: டிகோடர் தன்னைச் டிகோடர் கட்டளைகள் இல்லாமல் மின்னழுத்தத்தாலேயே வேகம் மாறும் சாதாரண டிசி பாதையில் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. சிவி 29-இல் டிசி ஓட்டத்தை அனுமதிக்கும் பகுதியின் மதிப்பு 4; அதைக் கழித்துவிடுங்கள். எஞ்சினை அழைக்கும் எண்ணாக நீண்ட முகவரி வைத்திருந்து இப்போது 38 என்று இருந்தால் 34 என்று எழுதுங்கள். குறுகிய முகவரி என்றால் 6-க்குப் பதில் 2. நண்பர் வீட்டு டிசி பாதையில் இனி ஓட்ட முடியாது என்பதுதான் இதற்கான விலை.

கேள்வி: 18 அங்குல ஆரமுள்ள வளைவில் முன் தொகுதி மட்டும் அடிக்கடி தடம் புரள்கிறது. பாய்லரின் மூக்கு நிலையக் கூரையையும் இடிக்கிறது.
— வாசகர், மதுரை

பதில்: கூரை இடிபடுவது எஞ்சினின் குறை அல்ல. அசலில் பின் தொகுதி பாய்லரோடு அசையாமல் பிணைந்திருக்கும், முன் தொகுதி மட்டுமே பக்கவாட்டில் திரும்பும். மாடலை இறுக்கமான வளைவில் வளைப்பதற்காக இரண்டையுமே திரும்பும்படி அமைக்கிறார்கள். அப்படியும் இவ்வளவு இறுக்கமான வளைவில் பாய்லரின் மூக்கு வளைவுக்கு வெளியே நெடுந்தூரம் நீட்டிக்கொள்கிறது. டெண்டரோடு 132 அடிக்கு மேல் நீளமுள்ள 'பிக் பாய்', எச்ஓ அளவில் ஏறத்தாழ 46 சென்டிமீட்டர். உங்கள் வளைவின் ஆரமும் அதுவேதான். இடமிருந்தால் 22 அங்குலத்துக்கு மேல் போங்கள்.

தடம் புரள்வதற்கு முதல் காரணம் பெரும்பாலும் கம்பிகள். முன் தொகுதிக்குப் போகும் மின்கம்பிகள் சுருண்டு விறைத்திருந்தால், வளைவில் அவையே ஸ்பிரிங்போல அதைத் தள்ளும். பாய்லரைக் கழற்றிவிட்டு, முன் தொகுதியை விரலால் இருபுறமும் திருப்புங்கள். விட்ட இடத்தில் நிற்க வேண்டும், தானாகத் திரும்பி வந்தால் கம்பியை மெல்லிய, நெகிழ்வான வகையாக மாற்றுங்கள். அடுத்தது எடை: பாய்லரின் பாரம் முன் தொகுதியின்மேல் போதிய அளவு அமரவில்லையென்றால் அது தண்டவாளத்தின் மேல் மிதக்கும். அச்சாணித் திருகை இறுக்கிவிட்டாலும் இதே விளைவுதான். தொகுதி மேலும் கீழும் சற்றே ஆட வேண்டும். எண்ணெயை மட்டும் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக்குக்கு ஒவ்வாத எண்ணெய் பிளாஸ்டிக் உறைகளில் விரிசல் விழ வைக்கும், மிச்சம் சக்கரத்துக்கு இறங்கி, முதல் வாசகரின் தொல்லையை உங்களுக்கும் கொண்டுவரும்.

கேள்வி: அமைப்புகளைப் படிக்கவும் எழுதவும் ஒதுக்கிய புரோகிராமிங் பாதையில் வைத்தால் டிகோடரைப் படிக்க முடியவில்லை என்று காட்டுகிறது. ஆனால் மெயின் பாதையில் ஓடுகிறது, ஒலிக்கிறது.
— வாசகர், சென்னை

பதில்: ஓடும் டிகோடர் உயிரோடுதான் இருக்கிறது. படிக்கும்போது அது மோட்டாரை நொடியின் ஒரு சிறு பகுதிக்கு இயக்கி, குறைந்தது 60 மில்லியாம்பியர் கூடுதல் மின்னோட்டம் இழுத்து 'ஆம்' என்று பதில் சொல்கிறது. புரோகிராமிங் பாதையில் மின்னோட்டம் வேண்டுமென்றே குறைத்து வைக்கப்பட்டிருப்பதால், ஒலி டிகோடரின் மின்தேக்கிகள் நிரம்பும் அவசரத்தில் இந்தப் பதில் அமுங்கிவிடலாம். சக்கரங்களைத் துடைத்து மீண்டும் முயலுங்கள். கீப் அலைவ் இருந்தால் தற்காலிகமாகக் கழற்றுங்கள். அப்போதும் படிக்கவில்லையென்றால் ஒலி டிகோடர்களுக்கென்றே விற்கும் புரோகிராமிங் பூஸ்டரை இடையில் இணைக்கலாம், அல்லது படிக்கும் ஆசையை விட்டுவிட்டு மெயின் பாதையிலேயே வைத்து எழுதலாம். அப்படி எழுதும்போது கட்டளை அந்த முகவரியுள்ள எஞ்சினுக்கு மட்டுமே போகும். ஒரே முகவரியில் இரண்டு எஞ்சின்கள் இருந்தால் ஒன்றைப் பாதையிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள்.