மைனஸ் 6 பவருக்கு லேசிக்கா, ஸ்மைலா, பி.ஆர்.கே.யா?

கேள்வி: வயது 26. இரண்டு கண்ணிலும் மைனஸ் 6. இரண்டு வருடமாகப் பவர் மாறவில்லை. கருவிழியின் தடிமன் 490 மைக்ரான். ஜூடோ பயிற்சிக்குப் போவதால் கண்ணாடி பெரும் தொல்லை. கண்ணாடியை விடுவதற்கான லேசர் சிகிச்சை பற்றி ஆலோசனைக்குப் போன இடத்தில் லேசிக், ஸ்மைல், பி.ஆர்.கே. என்ற மூன்று முறைகளையும் சொல்லிவிட்டு, "ஸ்மைல்தான் புதியது, பிளேடே படாது" என்று அதையே வற்புறுத்துகிறார்கள். கட்டணமும் அதற்குத்தான் அதிகம். அந்தக் கூடுதல் பணத்துக்குப் பலன் உண்டா? வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியே வேண்டாம் என்பது உண்மையா?

பதில்: "பிளேடு படாது" என்பதற்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். லேசிக்கில் கருவிழியின் மேற்பகுதியை மூடிபோல் திறக்க ஒரு மெல்லிய மடலை வெட்டுவார்கள். அதை வெட்டுவதும் இப்போது பெரும்பாலும் லேசர்தான். பி.ஆர்.கே.யில் மடலே கிடையாது.

உங்கள் கேள்விக்கு விடை அந்த 490-இல் இருக்கிறது. சராசரிக் கருவிழி சுமார் 540 மைக்ரான், உங்களுடையது மெல்லியது. ஒரு பவருக்குத் தோராயமாக 15 மைக்ரான் திசுவை லேசர் எடுக்கும் என்று வைத்தால், மைனஸ் 6-க்கு 90. லேசிக்கில் மடலுக்கு இன்னும் 110 போகும். மிஞ்சுவது 290. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய வரம்பு. இன்று பல மருத்துவர்கள் 300-ஐக் கேட்கிறார்கள். போதாததற்கு, அந்த மடல் பழைய வலிமைக்கு முழுதாகத் திரும்புவதில்லை. முகத்தில் கை படும் ஜூடோவுக்கு அது வேண்டாம். லேசிக்கை நான் நீக்கிவிடுவேன்.

ஸ்மைலில் மடல் இல்லை. 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியாக, உள்ளே வெட்டிய மெல்லிய வில்லை போன்ற திசுத் துண்டை உருவி எடுக்கிறார்கள். கண் வறட்சி லேசிக்கைவிடக் குறைவு, அடிபட்டால் மடல் நகரும் பயமும் இல்லை. இவை மெய்யான நன்மைகள். ஆனால் அதே பவருக்கு லேசிக்கைவிடச் சற்று அதிகத் திசு போவதுண்டு. மேற்பகுதி பெரிதாக வெட்டுப்படாததால் அதுவும் வலுச் சேர்க்கும் என்கிறார்கள். நியாயமான வாதம்தான், என்றாலும் 490-இல் அதை மட்டும் நம்பி நான் பணம் கட்டமாட்டேன். பின்னால் கொஞ்சம் பவர் மிஞ்சினால், அதே வழியில் எளிதாகத் திருத்தவும் முடியாது, பெரும்பாலும் பி.ஆர்.கே.தான் செய்வார்கள்.

மூன்றில் மூத்தது அந்த பி.ஆர்.கே. மேற்தோலை மட்டும் நீக்கி, நேரே லேசர் செலுத்துகிறார்கள். தோல் சில நாட்களில் திரும்ப வளர்ந்துவிடும். திசுவை மிச்சம் பிடிப்பதில் இதை விஞ்ச முடியாது. விலை வேறு வகையில்: இரண்டு மூன்று நாள் நன்றாகவே வலிக்கும், பார்வை தெளியச் சில வாரங்கள் ஆகும். உங்கள் பவருக்குக் கருவிழியில் லேசான மங்கல் படியும் வாய்ப்பும் இருப்பதால், அதைத் தடுக்கும் மைட்டோமைசின் மருந்தைப் பயன்படுத்துவார்களா என்று கேளுங்கள். விடுப்பு எடுக்க முடியுமானால் என் வாக்கு இதற்குத்தான்.

ஆனால் கருவிழியின் வடிவத்தை அளக்கும் டோப்போகிராபி சோதனையில் கருவிழி கூம்பாகும் அறிகுறி சிறிதளவு தெரிந்தாலும் மூன்றுமே வேண்டாம். அப்போது திசுவை எடுக்காமல், கண்ணுக்குள் வைக்கும் ஐ.சி.எல். லென்ஸ் பற்றிப் பேசலாம். அறிக்கையின் நகலை வாங்கி, இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள். சோதனைக்கு முன் கான்டாக்ட் லென்ஸை எத்தனை நாள் கழற்றிவைக்க வேண்டும் என்று சொல்லவில்லையா? அந்த அளவுகளையே நம்பாதீர்கள். மறுதிருத்தமும் தொடர் பரிசோதனைகளும் கட்டணத்தில் அடங்குமா, எத்தனை வருடத்துக்கு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

வாழ்நாள் முழுக்கக் கண்ணாடி வேண்டாம் என்பது விற்பனைப் பேச்சு. நாற்பதைத் தாண்டினால் படிக்கக் கண்ணாடி வரும். அதை இந்த மூன்று முறைகளும் தடுக்காது. விழித்திரையும் மைனஸ் 6 கண்ணின் விழித்திரையாகவே இருக்கும், அதற்குரிய ஆபத்துகள் நீங்காது. பார்வை தெளிந்துவிட்டதென்று விழித்திரைப் பரிசோதனையை நிறுத்திவிடாதீர்கள்.