சும்மா கிடக்கும் நிலம்

கேள்வி: பல்கலைக்கழகங்களிடம் நூற்றுக்கணக்கான ஏக்கர் சும்மா கிடக்கிறது. பாதிக்கு மேல் புதரும் பாறையும்தான். தேவைக்கு மேல் இருப்பதை விற்று வீடுகள் கட்டினால் நடுத்தர மக்களுக்கு வீடு, பல்கலைக்கழகத்துக்குப் பணம். ஹைதராபாத்தில் நாலு மானையும் நாலு மயிலையும் காட்டி இதைக் கெடுத்துவிட்டார்களே?
— தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: முதலில் அந்த நடுத்தர மக்களைக் கவனிப்போம். இந்த மாதிரி யோசனைகளில் அவர்கள் முதல் வரியில் வருவார்கள். ஏலம் முடிந்த பிறகு காணாமல் போய்விடுவார்கள்.

நீங்கள் சொல்லும் ஹைதராபாத் நிலம், ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிக் கிடக்கும் கஞ்சா கச்சிபௌலியின் 400 ஏக்கர். அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது கோகாபேட்டை. 2023 ஆகஸ்டில் அங்கே அரசு நடத்திய ஏலத்தில் ஒரு மனை ஏக்கருக்கு 100 கோடி ரூபாய்க்கு மேல் போயிற்று. ஏக்கருக்குப் பதினெட்டு கிரவுண்டு என்று வைத்துக்கொண்டால், ஒரு கிரவுண்டு ஐந்தரைக் கோடி. இதில் இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. நாற்பது மாடி அடுக்கி அந்த விலையை எல்லார் தலையிலும் பிரித்துப் போட்டாலும், மாதச் சம்பளக்காரர் அண்ணாந்து பார்க்கிற வீடுதான் வரும். உள்ளே போய்க் குடியிருக்கிற வீடு வராது. அதிக விலை கேட்பவருக்கு நிலத்தை விற்றுவிட்டு, குறைந்த விலைக்கு வீடு வரும் என்று காத்திருந்தால் எப்படி? போகட்டும், அந்த 400 ஏக்கரில் நடுத்தர மக்களுக்கு வீடு கட்டுவது நோக்கமும் இல்லை. ஐ.டி. வளாகங்களும் அவற்றைச் சார்ந்த கட்டடங்களும்தான் திட்டம்.

அடுத்து, இது ‘பல்கலைக்கழகம் தன் உபரியை விற்ற’ கதையே அல்ல. அந்த நிலம் தன்னுடையது என்று விற்கக் கிளம்பியது மாநில அரசு. ஹைதராபாத் பல்கலைக்கழகம் 1974ல் பிறந்தது. தெலங்கானா, ஆந்திரக் கிளர்ச்சிகளைத் தணிக்க வகுத்த ஆறு அம்சத் திட்டத்தில் கொடுத்த வாக்குறுதி அது. ஊருக்கு வெளியே 2,300 ஏக்கர் அளவுக்கு ஒதுக்கினார்கள். ஒதுக்கினார்களே தவிர, முழுவதையும் பல்கலைக்கழகத்தின் பெயரில் முறையாக எழுதிக் கொடுக்கவில்லை. பிற்பாடு விளையாட்டரங்கத்துக்குக் கொஞ்சம், வேறொரு கல்வி நிறுவனத்துக்குக் கொஞ்சம் என்று வெட்டிக்கொண்டே வந்தார்கள். இந்த 400 ஏக்கரை விளையாட்டு அகாடமி கட்டுவதாகச் சொன்ன ஒரு தனியார் நிறுவனத்துக்குத் தந்தார்கள். 2006ல் அதை ரத்து செய்தார்கள். வழக்கு பதினெட்டு வருடம் நடந்து, 2024ல் அரசு பக்கம் தீர்ப்பானது. தீர்ப்பு அரசுக்கும் அந்த நிறுவனத்துக்கும் இடையிலானது. நடுவில் கிடந்த பல்கலைக்கழகத்தின் கையில் பட்டா இல்லை. ‘எல்லை அளந்தாயிற்று’ என்று அரசு சொல்ல, ‘அப்படி எதுவும் நடக்கவில்லை’ என்று பதிவாளர் மறுக்க வேண்டியிருந்தது. நம் ஊர் பங்காளிச் சண்டை மாதிரியேதான்.

2025 மார்ச் கடைசியில் அந்த 400 ஏக்கரில் மரம் வெட்ட இயந்திரங்கள் இறங்கின. ஏப்ரல் 3ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொல்வதற்குள் ஏறக்குறைய 100 ஏக்கர் மரங்கள் போய்விட்டன. விடுமுறை நாட்களில் என்ன அவசரம் என்று நீதிமன்றமே கேட்டது. அந்த நாலு மானும் நாலு மயிலும் அப்போது எங்கே நின்றன என்று யாராவது கேட்டிருந்தால், உங்கள் கேலி கொஞ்சம் குறைந்திருக்கும்.

சரி, வளாக நிலத்தில் வீடே கட்டக்கூடாதா? கட்டலாம். விற்காமலே கட்டலாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 1885ல் நிறுவனர்கள் எழுதிய கொடைப் பத்திரத்திலேயே நிலத்தை விற்கக்கூடாது என்று கட்டிவைத்துவிட்டார்கள். 8,000 ஏக்கருக்கு மேல். அன்று அது குதிரைப் பண்ணை. நம்மவர்கள் பார்த்திருந்தால் ‘முக்கால்வாசி உபரி’ என்று ஒரே நாளில் அறிக்கை கொடுத்திருப்பார்கள். விற்க முடியாததால் குத்தகைக்கு விட்டார்கள். 1951ல் தொழில் பூங்கா வந்தது, அப்புறம் வணிக வளாகம். பேராசிரியர்கள் வீடு கட்டிக்கொள்வதும் குத்தகை நிலத்தில்தான். வீடு அவர்களுடையது, மண் பல்கலைக்கழகத்துடையது. காலி செய்யும்போது தகுதியுள்ள இன்னொரு ஊழியருக்குத்தான் விற்க முடியும்.

கனடாவில் வான்கூவரில் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் நீங்கள் சொல்கிற குடியிருப்புகளையே கட்டியிருக்கிறது. 1980களின் இறுதியில் தொடங்கிய வேலை. மனைகளை 99 ஆண்டுக் குத்தகையாகக் கொடுத்து, முன்பணத்தை அறக்கட்டளை நிதியில் போட்டார்கள். விற்றிருந்தால் பணம் ஒரே ஒரு முறை வந்திருக்கும். இங்கே மண் மறுபடி கைக்கு வரும். (அந்த மண் மஸ்குவீம் பழங்குடிகள் யாருக்கும் விட்டுக்கொடுக்காதது என்பது வேறு கதை, அதையும் சொல்லிவைக்கிறேன்.)

இவர்களெல்லாம் மகான்கள் என்று சொல்லவரவில்லை. வான்கூவரில் குத்தகை வீடும் விலை அதிகம்தான். ஸ்டான்ஃபோர்டை எடுத்துக்கொண்டால், மாவட்ட நிர்வாகம் ‘கட்டடம் பெருக்க அனுமதி வேண்டுமானால் வீடுகளையும் கூடுதலாகக் கட்டு’ என்றபோது, 2019ல் விண்ணப்பத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டது. நிலத்தைக் கையில் வைத்திருப்பவரிடம் இப்படி நிபந்தனை போட்டு மல்லுக்கட்டவாவது முடிகிறது. கிரயம் செய்து கொடுத்த பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

ஊருக்கு நடுவே வளாகத்தோடு ஒட்டாமல் ஒரு துண்டு நிலமும் இடிந்த கட்டடமும் இருந்தால், விற்றுத் தொலையுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தப் பணம் சம்பள பாக்கிக்கும் ஓய்வூதியத்துக்கும் போகாமல் இருந்தால் சரி. ஆனால் விடுதி அறையில் மூன்று பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து பேரை அடைத்துவிட்டு, வாசலுக்கு வெளியே ‘உபரி’ என்று பலகை வைக்காதீர்கள்.

நீங்கள் தாம்பரத்துக்காரர். மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி 1937ல் ஜார்ஜ் டவுனை விட்டு உங்கள் ஊர்க் காட்டுக்கு வந்தபோது அதன் வளாகத்தில் கட்டடத்தைவிடப் புதர்தான் அதிகம். 350 ஏக்கருக்கு மேல். ஒரு சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்துவிட்டு, மதில் சுவருக்கு வெளியே இன்று ஒரு கிரவுண்டு என்ன விலை என்றும் விசாரித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.