வாசகர் கேள்வி: கணினியில் சுவர் அடுக்குகளை வெட்டுவது

கேள்வி: ஆர்க்கிகேட் என்ற கட்டட வரைபட மென்பொருளில் இரட்டைச் செங்கல் சுவரைக் காம்போசிட்டாக (பல அடுக்குச் சுவராக) வரைந்திருக்கிறேன். வெளியே 106 மி.மீ. செங்கல், நடுவில் 50 மி.மீ. இடைவெளி, உள்ளே இன்னொரு 106, அதன்மேல் 15 மி.மீ. பூச்சு. மாடித் தளம் உள்செங்கல்மேல் மட்டும் உட்கார வேண்டும். ஆனால் குறுக்குவெட்டுப் படமான செக்‌ஷனில் பூச்சும் செங்கலும் கான்கிரீட்டுக்குள் ஓடுகின்றன. ஒன்றை வைத்து இன்னொன்றைக் குடையும் சாலிட் எலிமென்ட் ஆபரேஷன்ஸ் கட்டளையைப் போட்டால் வெளிச்செங்கலும் சேர்ந்து வெட்டுப்படுகிறது.
— சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அந்தக் கட்டளைக்கு அடுக்குக் கணக்கு தெரியாது. தளம் எதுவரை நீள்கிறதோ அதுவரை சுவரைக் குடைந்து எடுத்துவிடும். உங்கள் தளத்தின் விளிம்பு சுவரின் வெளிமுகம்வரை போயிருக்கிறது. போட்ட ஆபரேஷனை நீக்கிவிட்டு, விளிம்பை வெளிமுகத்திலிருந்து 156 மி.மீ. உள்ளே இழுங்கள் (106 + 50). இப்போது அது உள்செங்கலின் இடைவெளிப் பக்க முகத்தோடு நிற்கும்.

மீதி வேலையை பில்டிங் மெட்டீரியலுக்கு உரிய முன்னுரிமை எண்ணான இன்டர்செக்‌ஷன் பிரயாரிட்டி பார்த்துக்கொள்ளும். 0 முதல் 999 வரை எண். பெரிய எண் சின்னதை வெட்டும். கான்கிரீட்டுக்கு 900, செங்கலுக்கு 700, தரைச் சாந்துக்கு 400, பூச்சுக்கு 300, காற்று இடைவெளிக்கு எல்லாவற்றிலும் குறைவாக, என்று வைத்துப் பாருங்கள். இரண்டு பொருளுக்கு ஒரே எண் கொடுக்காதீர்கள். எது எதை வெட்டும் என்று நம்பிச் சொல்ல முடியாது. பூச்சு முதலிலா, தரைச் சாந்து முதலிலா என்பதைக் கொத்தனாரிடம் கேட்டு அந்த வரிசைப்படி எண்ணை மாற்றுங்கள்.

அப்படியும் வெட்டவில்லையா? லேயர் (சுவரின் அடுக்கு அல்ல, வரைபடத்தின் பகுப்பு) செட்டிங்ஸைத் திறந்து சுவர் லேயருக்கும் தள லேயருக்கும் இன்டர்செக்‌ஷன் குரூப் எண் ஒன்றுதானா என்று பாருங்கள். எண் வேறானால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. 0 என்றால் எதோடும் சேராது. பாதிப் புகார்கள் இங்கேதான் முடிகின்றன.

இன்னொரு சிக்கல் சுவரின் உயரம். கீழ்மாடிச் சுவரைத் தளத்தின் அடிமட்டத்தோடு நிறுத்தினால், 170 மி.மீ. தளம் உள்ள இடத்தில் வெளிச்செங்கலில் அதே 170 மி.மீ. ஓட்டை விழும். சுவரின் உச்சியை மேல்மாடி மட்டத்தோடு இணைத்துவிடுங்கள். உள்செங்கலைத் தளமே வெட்டிக்கொள்ளும்.

ஈரத்தடுப்புத் தாளை இந்தக் காம்போசிட்டில் அடுக்காகச் சேர்க்க வேண்டாம். 375 மைக்ரான் தாள் செக்‌ஷனில் தெரியப்போவதில்லை. மேலும் அது சுவரோடு செங்குத்தாக ஓடுவதில்லை, இடைவெளியைக் குறுக்கே கடந்து வெளிச்செங்கல் பக்கம் படியிறங்குகிறது. டீடெய்ல் வரைபடத்தில் தடித்த கோடாகத் தனியே போடுங்கள். டர்பன் கடற்கரை மழைக்கு அந்தப் படி தலைகீழாகிவிட்டால் தண்ணீர் நேராக உள்சுவருக்கு வரும்.

கேள்வி: சாய்கூரைக்கு மேலே சுவர் துருத்துகிறது. எப்படி வெட்டுவது?
— வெருலம்

பதில்: ஆர்க்கிகேட் என்றால், சுவரையும் கூரையையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து டிசைன் மெனுவில் கனெக்ட், ட்ரிம் எலிமென்ட்ஸ் டு ரூஃப். கூரையின் வெளிக்கோட்டைத் தாண்டி நிற்கும் சுவர் வெட்டுப்படாது, கூரையை நீட்டுங்கள்.

கேள்வி: ரெவிட் மென்பொருளில் வெளிப்பூச்சை மட்டும் சுவரின் அடிமட்டத்துக்குக் கீழே 100 மி.மீ. இறக்க முடியுமா?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: முடியும். சுவர் வகையின் எடிட் டைப், ஸ்ட்ரக்சர், எடிட். ப்ரிவியூவைத் திறந்து செக்‌ஷன் பார்வைக்கு மாற்றுங்கள். மற்ற பார்வையில் இந்த வசதி வராது. மாடிஃபை அழுத்தி, பூச்சு அடுக்கின் அடிக்கோட்டைத் தொட்டால் பூட்டு ஒன்று தெரியும். அதைத் திறந்துவிட்டு ஓகே கொடுங்கள். பிறகு சுவரின் ப்ராப்பர்ட்டீஸில் அடி நீட்டும் அளவான பேஸ் எக்ஸ்டென்ஷன் டிஸ்டன்ஸ் உயிர்பெறும். அது மங்கலாகவே இருந்தால் பூட்டு திறக்கவில்லை என்று பொருள். ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்குகளைத் திறப்பதானால் அவை அடுத்தடுத்து இருக்க வேண்டும். பூட்டு சுவர் வகைக்கு உரியது, அளவோ ஒவ்வொரு சுவருக்கும் தனி; அதனால் அதே வகைச் சுவர்களை ஒட்டுமொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் அளவைக் கொடுங்கள்.