பழைய எஸ்யூவிக்கு டீலர் 25,500 வெள்ளி சொல்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் ஓடும் 2.0 லிட்டர் பெட்ரோல் எஸ்யூவி, ஒரே உரிமையாளர். பதிவாகி 8 ஆண்டு 10 மாதம். ஓஎம்வி (இறக்குமதி மதிப்பு) 30,000, கட்டிய ஏஆர்எஃப் (கூடுதல் பதிவுக் கட்டணம்) 34,000, சிஓஇ (பத்தாண்டு வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) 50,000 வெள்ளி. டீலர் 25,500 தருவதாகச் சொல்கிறார். நியாயமான விலையா?

பதில்:

இல்லை. அந்த விலைக்கு வண்டியை ஏறக்குறைய ஸ்கிராப்புக்குப் போடுகிறீர்கள். பேரத்தை 28,000 பக்கம் கொண்டு போகலாம். ஆனால் உங்களுக்கு அவகாசம் இரண்டே மாதம்தான். ஏன் என்று கணக்கில் பார்ப்போம்.

சிங்கப்பூரில் பழைய வண்டிக்கு விலை போடும்போது முதலில் பேப்பர் வேல்யூ, அப்புறம்தான் இரும்பு. இன்றே பதிவை ரத்து செய்தால் நிலப் போக்குவரத்து ஆணையம் எவ்வளவு திருப்பித் தரும் என்பதே பேப்பர் வேல்யூ. அதில் இரண்டு பகுதி. ஒன்று பார்ஃப், அதாவது பதிவை ரத்து செய்யும்போது ஏஆர்எஃப்பில் திரும்பக் கிடைக்கும் பங்கு. உங்கள் வண்டியின் காலத்தில் பதிவானவற்றுக்கு, 5 வயது வரை ஏஆர்எஃப்பில் 75 விழுக்காடு கிடைக்கும். பிறகு ஆண்டுக்கு 5 விழுக்காடு இறங்கி, ஒன்பது முடிந்து பத்துக்குள் 50 ஆகும். பத்தைத் தாண்டினால் ஒன்றும் இல்லை. உங்களுக்கு இப்போது 55 விழுக்காடு, அதாவது 18,700. இன்னொன்று சிஓஇயில் மிச்சம்: 50,000 × 14 ÷ 120 = 5,833. இரண்டும் சேர்ந்து 24,533 வெள்ளி. இதோடு ஸ்கிராப் யார்டோ ஏற்றுமதிக்காரரோ பாடிக்குத் தனியாகக் காசு தருவார்கள். ஆக டீலர் உங்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பது வெறும் 967 வெள்ளி. அதைப் பாடிக்கே யாராவது கொடுத்துவிடலாம்.

ஏஆர்எஃப்பை ஓஎம்வியிலிருந்து நீங்களே கணக்குப் போடாதீர்கள். புகை உமிழ்வுத் தள்ளுபடி வாங்கிய வண்டியென்றால் உண்மையில் கட்டிய ஏஆர்எஃப் குறைவாக இருக்கும், பார்ஃபும் அதற்கேற்பக் குறையும். சிங்பாஸ் (அரசு மின்னடையாளம்) போட்டு ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்துக்குள் போனால் லாக் கார்டு (வண்டிப் பதிவேடு) விவரத்தில் கட்டிய ஏஆர்எஃப், குறைந்தபட்ச பார்ஃப் (பத்தாம் ஆண்டு முடிவில் கிடைப்பது), சிஓஇ முடியும் தேதி எல்லாம் இருக்கும். இன்றைய தேதிக்கான தொகையையும் அங்கேயே பார்க்கலாம்.

இனி அந்த இரண்டு மாதம். வண்டிக்கு 9 வயது முடிகிற நாளில் பார்ஃப் 55லிருந்து 50க்கு இறங்கும். ஒரே இரவில் 1,700 வெள்ளி போய்விடும். சிஓஇயும் மாதத்துக்கு 417 வீதம் கரைகிறது. இரண்டு மாதம் கழித்து உங்கள் தரை விலை, அதாவது எப்படியும் கையில் கிடைக்கும் பேப்பர் வேல்யூ, 22,000. இது டீலருக்கு நன்றாகவே தெரியும். "அடுத்த வாரம் பார்க்கலாம், கஸ்டமர் ஒருத்தர் கேட்டிருக்கார்" என்று இழுத்தால் எதற்காக இழுக்கிறார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தரை தெரிந்தது, கூரை எங்கே? அதற்கு டெப்ரிதான் அளவுகோல். இங்கே வாங்குகிறவர் "வண்டி எவ்வளவு" என்று கேட்பதைவிட "ஆண்டுக்கு எவ்வளவு தேய்மானம்" என்றுதான் பார்க்கிறார். விற்கும் விலையிலிருந்து பத்தாம் ஆண்டு முடிவில் கிடைக்கும் பார்ஃபைக் கழித்து, மிச்சமுள்ள ஆண்டுகளால் வகுத்தால் டெப்ரி வரும். எஸ்ஜிகார்மார்ட், கரோசெல் என்ற விற்பனைத் தளங்கள் இரண்டிலும் உங்கள் மாடலையே, சிஓஇ 10 முதல் 20 மாதம் மிச்சமுள்ளதாகத் தேடி ஏழெட்டு விளம்பரம் எடுங்கள். புதுப்பித்த சிஓஇ வண்டிகளை இதில் கலக்கவே கூடாது, அது வேறு கணக்கு. மிக மலிவையும் மிக விலை கூடியதையும் தள்ளுங்கள். மாதக்கணக்கில் கிடக்கும் விளம்பரத்தையும் தள்ளுங்கள், அந்த விலைக்கு ஆள் வரவில்லை என்பதால்தான் அது இன்னும் அங்கே இருக்கிறது.

நடுவில் வரும் டெப்ரி 12,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் குறைந்தபட்ச பார்ஃப் 17,000. அதோடு 12,000 × 14 ÷ 12 = 14,000. மொத்தம் 31,000. இது கேட்கும் விலை. நேரடியாக விற்றால் பேரத்தில் ஓராயிரம் குறையும். டீலர் தன் லாபம், பாலிஷ், சின்னப் பழுது, வண்டி நிற்கும் இடத்துக்கான வாடகை எல்லாவற்றையும் கழித்தாலும் 27,500 முதல் 28,500 வரை தர இடம் உண்டு. மூன்று நான்கு இடத்தில் ஒரே நாளில் விலை கேளுங்கள். போனில் சொல்வது பெரும்பாலும் "பார்த்த பிறகு" என்ற நிபந்தனையோடு வரும் விலை. வண்டியைச் சுற்றி வந்து கீறலுக்கு 300, டயருக்கு 500 என்று கழிப்பார்கள். கழித்த பிறகு நிற்கும் எண்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

நேரடி விற்பனையில் ஒரு சிக்கல் உண்டு. ஓஎம்வி 20,000க்கு மேல் போன வண்டிக்குக் கடன் அதிகபட்சம் 60 விழுக்காடுதான். சிஓஇ முடிவதற்குள் கடனும் முடிய வேண்டும் என்பார்கள். 14 மாதத்தில் அடைக்கும் தவணை கனமாக இருக்கும். அதனால் ரொக்கக்காரர்கள்தான் வருவார்கள், ஆள் குறைவு.

வண்டியின் நிலை விலையை எவ்வளவு அசைக்கும்? 14 மாதம் ஓட்டப்போகிறவர் பெயிண்டைப் பார்க்க மாட்டார். பானெட்டில் கிளியர்கோட் உரிந்திருந்தால் அப்படியே விடுங்கள், ஸ்பிரே அடிக்கும் காசு திரும்பாது. கியர்பாக்ஸ்தான் அவருக்குப் பயம். சிவிடி (பல்சக்கரப் படிகள் இல்லாத தானியங்கி கியர்பாக்ஸ்) உள்ள எஸ்யூவியில் வண்டி சூடானபின் மெதுவாக மேடேறும்போது நடுக்கம் வருகிறதா, பல அடுக்கு கார்நிறுத்த சரிவில் தயங்குகிறதா என்று பார்ப்பார். பழுதென்றால் சில ஆயிரம் வெள்ளி, விலையில் அது முழுசாக இறங்கும். சிவிடி எண்ணெய் மாற்றிய ரசீது இருந்தால் எடுத்து வையுங்கள். ஏர்கான் குளிர வேண்டும், டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியக்கூடாது. லோயர் ஆர்ம் புஷ், இன்ஜின் மவுண்டிங் இரண்டும் கனமான வண்டிகளில் முதலில் போகிறவை. சத்தம் போட்டால் உபியிலோ காக்கி புக்கிட்டிலோ உள்ள பட்டறைகளில் விலை விசாரித்து, அந்தத் தொகையைத் தெரிந்துகொண்டே பேரத்துக்கு உட்காருங்கள். சன்ரூஃப் இருந்தால் தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மழைநாளில் பார்க்க வருகிறவர் கூரைத் துணியில் கறையைக் கண்டால் கிளம்பிவிடுவார்.

சிஓஇயைப் புதுப்பித்தால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். பத்தாம் ஆண்டில் பிகியூபி கட்டிப் புதுப்பித்தால் அந்த 17,000 பார்ஃப் போய்விடும். பிகியூபி என்பது கடந்த மூன்று மாத சிஓஇயின் சராசரி. ஐந்து ஆண்டுக்குப் பாதி கட்டினால் போதும், ஆனால் அதை மறுபடி புதுப்பிக்க முடியாது. ஐந்தாண்டுக்கு 45,000 கட்டி இன்னும் 2 ஆண்டு மிச்சமுள்ள வண்டியின் தரை விலை 45,000 × 24 ÷ 60 = 18,000. அங்கே பார்ஃப் கிடையாது, எனவே டெப்ரியை ஆண்டால் பெருக்கினால் அதுவே சந்தை விலை. சிஓஇ மலிவாக இருந்த காலத்தில் புதுப்பித்த வண்டிகளுக்குத் தரைக்கும் சந்தை விலைக்கும் இடைவெளி பெரிது. 2023 அக்டோபரில் பி பிரிவு (பெரிய கார்கள்) சிஓஇ 150,001 வெள்ளி தொட்டபோது அவை எகிறின. சிஓஇ இறங்கினால் முதலில் விழுவதும் அவைதான். 10 வயது தாண்டினால் சாலை வரியும் ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் கூடி 50 வரை போகும். உங்களுடையதைவிடப் பெரிய 2,400 சிசி வண்டிக்கு 1,681 வெள்ளி 2,522 ஆகிறது. பரிசோதனையும் ஆண்டுதோறும்.

டிரேட்-இன், அதாவது பழையதை அதே டீலரிடம் கொடுத்துப் புது வண்டி எடுப்பதானால் பழையதற்கு என்ன விலை என்பதைப் பார்க்காதீர்கள். அதில் இரண்டாயிரம் ஏற்றிப் புதுசில் தள்ளுபடியைக் குறைப்பது வழக்கமான வேலை. கையிலிருந்து போகும் மொத்தத் தொகையை, டிரேட்-இன்னோடும் இல்லாமலும், இரண்டு விதமாக எழுதி வாங்குங்கள்.

கடன் பாக்கி இருந்தால் முழுத் தீர்வுத் தொகையை வங்கியிடமே எழுத்தில் கேளுங்கள். மிச்சத் தவணைகளைக் கூட்டினால் வரும் எண்ணும் அதுவும் ஒன்றல்ல, அபராதமும் சேரலாம். ஒப்பந்தத்தில் விலை, கடனை யார் எந்தத் தேதிக்குள் அடைப்பது, வண்டி ஒப்படைக்கும் நாளும் மணியும் இருக்க வேண்டும். சாவியைக் கொடுத்த பிறகு வரும் இஆர்பி (மின்னியல் சாலைக்) கட்டணமும் சம்மனும் உரிமை மாறாதவரை உங்கள் பெயருக்கே வரும். பணம் வந்த அன்றே ஒன்மோட்டரிங்கில் உரிமை மாற்றம் முடிந்ததா என்று பார்த்துவிட்டு, அப்புறம் இன்சூரன்ஸை ரத்து செய்யுங்கள்.